உள்ளூராட்சிப் பதவிகளும் பயிலுநர் முறையும்

கொச்சிக்கடையின் வீதிகளையும் வடிகால்களையும் பேணுவது கொழும்பு மாநகர சபை. 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைத் தோற்றுவித்த நாள்தொட்டு, இப்பணிகளுக்கு ஆளைத் தெரிந்து பயிற்றுவது எங்ஙனம் என்னும் வினாவும் தொடர்கின்றது.

கிராமங்களில் அவ்வினா எழவில்லை. விதானையின் மகன் தந்தையருகே அமர்ந்து காணியும் வரியும் வழக்கும் கற்றான். பதவியும் பெரும்பாலும் அத்தகைய குடும்பங்களையே சென்றடைந்தது. பயிற்சியில் குறையில்லை, ஊரின் ஏனைய பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை என்பதே குறை. 1963இல் அம்முறை ஒழிந்து, போட்டிப் பரீட்சை வழியே கிராம சேவகர் வந்தனர். தமிழ்நாட்டில் கர்ணம் பதவி 1980 வரை நீடித்தமை இங்கு ஒப்புநோக்கற்பாலது.

பரீட்சை வாயிலைத் திறந்தது, தொழிலைக் கற்பிக்கவில்லை. 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் தேசிய பயிலுநர் சபையை நிறுவியபோதும், அதன் நோக்கு பெரிதும் கைத்தொழில்கள் மீதே இருந்தது. அலுவலகப் பணிக்குப் பயிலுநர் என்னும் பெயர் பரவலாக வந்தது பட்டதாரிகளால்தான். 2020இல் அவர்கள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் ஓராண்டுப் பயிலுநராக அரச அலுவலகங்களில் இணைக்கப்பட்டனர். விதானையின் மகனுக்குத் தான் கற்பது எப்பதவிக்கென்று தெரிந்திருந்தது. இப்பட்டதாரிகளுட் பலரோ பயிற்சி முடிந்த பின்னரே அபிவிருத்தி உத்தியோகத்தராயினர்.