போறணை அணைந்த ஆண்டு

2020 மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, எங்கள் ஒழுங்கைக்கு வரும் ‘சூன் பாண்’ முச்சக்கர வண்டியும் சில நாட்கள் நின்றுபோயிற்று. பேத்தோவனின் மெட்டொன்றை ஒலிபெருக்கியில் இசைத்துக்கொண்டு விடியற்காலையில் வரும் அந்த வண்டியைக் கொழும்புவாசிகள் எல்லோரும் அறிவர். மெட்டு நின்ற மூன்றாம் நாள், அறுபத்தேழு வயதில், நான் முதன்முறையாகப் பாண் சுட முனைந்தேன். வெளிவந்தது பாண் அன்று, செங்கல். மனைவி அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “உதுமாதிரி இன்னும் நூறு சுட்டுத் தாங்கோ, ஒரு போறணை கட்டலாம்” என்றார்.

போறணை! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

பாண், போறணை ஆகிய இரு சொற்களும் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்றவை. கதிரை, யன்னல், சப்பாத்து, அலுமாரி என்பனவும் அவ்வாறே. 1505 இல் இலங்கைக் கரையை அடைந்தவர்கள், 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி நாற்பது ஆண்டுகூட நிலைக்கவில்லை. சொற்கள் நிலைத்துவிட்டன. சிங்களத்திலும் அது பாண்தான். தமிழகத்து நண்பர்கள் நம்மிடம் இச்சொல்லைக் கேட்டு விழிப்பது வழக்கம். நாம் பாணை அளந்து கேட்கும் றாத்தலோ அரபு நாட்டுச் சொல். ஆக, “ஒரு றாத்தல் பாண் தாங்கோ” என்று கேட்கும் யாழ்ப்பாணத்தவர் ஒரே மூச்சில் மூன்று மொழிகளைப் பேசுகிறார்.

ஆயினும் பாண் நெடுங்காலம் நம்மவருக்கு விருந்தாளியாகவே இருந்தது. காய்ச்சற்காரருக்குக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதனை அன்றாட உணவாக்கியது இரண்டாம் உலகப் போர். 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறையில் கோதுமை மா வந்தது. எங்கள் பாட்டிமார் அதனை ‘அமெரிக்கன் மா’ என்றே அழைத்தனர். அவித்து, அரித்து, பிட்டும் இடியப்பமும் ஆக்கினர். மிஞ்சியதைப் பேக்கரி பார்த்துக்கொண்டது.

எங்கள் ஊர்ப் பேக்கரி சந்தியிலிருந்து இரண்டு வேலி தள்ளி இருந்தது. அதன் முதலாளி மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். இன்றைய இளையோருக்கு இது வியப்பாக இருக்கலாம். அந்நாளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பேக்கரித் தொழில் செய்தோரில் கணிசமானோர் தென்னிலங்கையிலிருந்து வந்தவர்களே. அவர் பேசிய தமிழில் ‘ழ’ இராது. ஆனால் கடன் கொப்பியில் எங்கள் எல்லோருடைய பெயரையும் தமிழில் பிழையின்றி எழுதுவார்.

போறணை என்பது செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய கவிந்த கூடு. அதனுள்ளேயே விறகை அடுக்கி மணிக்கணக்காக எரிப்பர். கல் போதிய சூட்டை வாங்கியதும் தணலை வெளியே இழுத்து, ஈரச் சாக்கினால் தளத்தைத் துடைத்து, நீண்ட மரத்துடுப்பினால் பாணை உள்ளே தள்ளி வாயை அடைப்பர். நெருப்பு வேக வைப்பதில்லை. நெருப்பை விழுங்கிய கல்லே வேக வைக்கிறது. சூட்டை அளக்க முதலாளியிடம் கருவி எதுவுமில்லை. ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் எறிவார். உடனே கறுத்தால் சூடு அதிகம். வெளுத்தே கிடந்தால் விறகு போதாது. மெல்லப் பொன்னிறமானால் பாண் உள்ளே போகலாம். அந்த மாவை எறியும் வேலையைச் சில வேளைகளில் எனக்குத் தருவார். நான் பெற்ற முதலாவது பதவி அதுவே.

மாவைப் புளிக்க வைத்தது கள். பனங்கள், அது இல்லாத காலத்தில் தென்னங்கள். மரத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே அதில் நொதியங்கள் பெருகிவிடும். அவை விடும் வாயுவே மாவை உப்பச் செய்கிறது. மாலைதோறும் முட்டியுடன் வரும் சீவற்தொழிலாளியை முற்றத்துக்கு அப்பால் நிறுத்திய வீடுகள், அவருடைய கள்ளில் பொங்கிய பாணை மறுநாட் காலையில் சம்பலுடன் உண்டன. இதனை எவரும் பேசியதில்லை.

பாணைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார்கள். வீட்டில் பத்திரிகை வாங்காத எனக்கு வீரகேசரியும் ஈழநாடும் அவ்வாறுதான் அறிமுகமாயின. பாதிச் செய்தி மட்டும் இருக்கும். மீதியை அறியும் ஆவலே என்னை இத்தொழிலில் கொண்டுவந்து விட்டது எனலாம்.

1973, 74 ஆம் ஆண்டுகளின் பாண் வரிசைகளை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். இறக்குமதி சுருங்கி, மா அரிதாகிவிட்ட காலம். ஊரே மரவள்ளிக் கிழங்கில் வாழ்ந்தது. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோர் கையில் காசு புழங்கியது. காசுக்கும் பாண் கிடைக்கவில்லை. முதலாளி றாத்தல் பாணை இரண்டாக வெட்டி, வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் அரைத் துண்டு கிடைக்கும்படி செய்தார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்கவில்லை.

1977 ஆகஸ்ட் மாதத்தில் இனக்கலவரம் மூண்டபோது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். அகதி முகாமில் சில நாட்கள் இருந்துவிட்டு, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கினேன். மறுநாட் காலை பழக்க தோஷத்தில் பேக்கரிக்குப் போனேன். கதவு பெயர்ந்து கிடந்தது. கொட்டகையின் கிடுகுக் கூரை எரிந்திருந்தது. போறணைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், கல் குளிர்ந்திருந்தது. இருபது ஆண்டுகளில் அது குளிர்ந்து நான் கண்டதில்லை.

“ராவோடை ராவா லொறியிலை போயிட்டினம்” என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்கடை பொடியள்தான்” என்றார். அவர்களுள் ஒருவன் என்னோடு படித்தவன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்று அரைத் துண்டு வாங்கியவன்.

கொழும்பு திரும்பியதும் நான் கண்டவற்றை எழுதினேன். முகாமில் பிறந்த குழந்தையைப் பற்றி எழுதினேன். கப்பலில் மயங்கி விழுந்த கிழவரைப் பற்றி எழுதினேன். அவை யாவும் உண்மை. பேக்கரியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆசிரியர் தடுக்கவில்லை, தணிக்கையும் இல்லை. நம்மவர் பட்ட பெருந்துயரின் முன்னே அதனை எழுதினால் நம் நியாயம் குறைந்துவிடும் என்று நானாகவே முடிவு செய்தேன். அக்கலவரத்தை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980 இல் வெளியாயிற்று. அதனைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினேன். அவற்றிலும் பேக்கரி இல்லை.

2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் ஊருக்குச் சென்றேன். போறணையின் கூடு இடிந்து, உள்ளே ஆமணக்கு முளைத்திருந்தது. சந்தியில் புதிய கடையொன்றில் ‘வெதுப்பகம்’ என்று எழுதியிருந்தார்கள். நல்ல தமிழ்தான். உள்ளே நின்றவரிடம் “ஒரு றாத்தல் பாண்” என்று கேட்டேன். வெதுப்பகத்திலும் பாண் பாணாகவே கிடைத்தது. பழைய முதலாளியை அவர் கேள்விப்பட்டதில்லை.

இப்போது வாரத்தில் ஒரு நாள் பாண் சுடுகிறேன். செங்கல் என்ற பேச்சு ஓய்ந்துவிட்டது. கடையில் வாங்கும் உலர்ந்த ஈஸ்ட், மின்சார அடுப்பு, சூட்டைக் காட்டும் எண்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் தட்டை உள்ளே வைக்குமுன் ஒரு சிட்டிகை மாவை எறிந்து பார்க்கிறேன். அடுப்பைத் துடைக்கும் வேலை மனைவியுடையது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். நாற்பத்து மூன்று ஆண்டுகளாக எழுதாத செய்தியை அன்றுதான் முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.