ஈயின் முதுகில் இரட்டைத் திட்டு

பெங்களூரு ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பழ ஈக்களை ஆராய்கிறவர்களுக்கு ‘குளோன்’ அன்றாடச் சொல். ஈயின் உடலில் மரபணு மாறிப்போன ஒரு சிறு திட்டுக்குத்தான் அந்தப் பெயர்.

அந்தத் திட்டின் கதை தொடங்கியது 1936இல், அமெரிக்காவில். மரபியலாளர் கர்ட் ஸ்டெர்ன் வளர்த்த ஈக்களில் ஒரு குரோமோசோம் மஞ்சள் மயிருக்கான மரபணுவைச் சுமந்தது. அதன் ஜோடி, சுருங்கிய மயிருக்கானதைச் சுமந்தது. இரண்டுமே ஒடுங்கு பண்புகள், வெளியே தெரியக்கூடாது. ஆனால் சில ஈக்களின் உடலில் மஞ்சள் திட்டும் சுருங்கிய மயிர்த் திட்டும் ஒட்டிப் பிறந்த அக்கா தங்கை போல அருகருகே இருந்தன. ஓர் உடல் செல் பிரியும்போது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால், பிரிந்த இரு செல்களும் ஆளுக்கொரு பண்பைப் பெற்றுவிட்டன. முட்டையும் விந்தும் உருவாகையில் நடப்பது, சாதாரண உடல் செல்லிலும் நடக்கும் என்று அந்த இரட்டைத் திட்டு காட்டியது.

பிறகு கிளாஸ்கோவில் மரபியலாளர் பான்டெகார்வோ அதையே பூஞ்சையில் கண்டார். அவரிடம் படிக்கப் போனவர் ஒபைத் சித்திக்கி. டெல்லியில் அவர் வளர்த்த கோதுமையை ஆலங்கட்டி மழை அழித்ததால்தான் நுண்ணுயிர் மரபியலுக்கு மாறினார். பெங்களூரு மையத்தை நிறுவியவர் அவர்தான். அந்த மழைக்கு நான் நன்றி சொல்வேன்.

குரோமோசோம்களின் இந்தத் துண்டுப் பரிமாற்றத்துக்கு ஒரு காவலும் உண்டு. ஒரு குரோமோசோமின் டி.என்.ஏ. இழை மற்றதோடு சேரும்போது எழுத்துகள் பொருந்தவில்லை என்றால், செல்லின் பிழைதிருத்தும் புரதங்கள் அந்தச் சேர்க்கையைக் கலைத்துவிடும். 1989இல் ராட்மன் என்ற உயிரியலாளரின் குழு பாக்டீரியாவில் இந்தப் புரதங்களை முடக்கிப் பார்த்தது. வழக்கமாகச் சேர மறுக்கும் ஈ.கோலியும் சால்மொனெல்லாவும் டி.என்.ஏ.வைக் கலந்துகொண்டன. ஈஸ்ட்டின் உடல் செல்களில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே பரிமாற்றம் குறைகிறது என்று 1997இல் தெரிந்தது. இந்தக் கண்டிப்பு தேவையானதுதான். நம் குரோமோசோம்களில் ஒன்றுபோலத் தோன்றும் பகுதிகள் ஏராளம். தவறானவை சேர்ந்தால் குரோமோசோமே உருக்குலையும். சரியான ஜோடிக்குள் நடக்கும் மாற்றம்கூட எப்போதும் நல்லதல்ல. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோய் சிலருக்கு இவ்வழியாகவும் வருகிறது என்று 1983இல் கண்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இன்று தற்செயலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ‘ஃப்ளிப்’ என்ற நொதியையும், அது வெட்டி ஒட்டும் இடத்தையும் ஈக்குள் புகுத்தியிருக்கிறார்கள். ஜோடிக் குரோமோசோம்கள் இரண்டிலும் அந்த இடம் எழுத்து பிசகாமல் ஒன்றே. புழுக்கள் இருக்கும் குப்பியை 37 டிகிரி வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் போதும், அந்த நொதி இயங்கி, வளர்ந்துவரும் ஈயில் ஸ்டெர்ன் பார்த்த திட்டு தோன்றிவிடும்.