நாள்வழியும் பேரேடும்

போடி மெட்டும் கம்பம் மெட்டும் ஏறி இடுக்கி மலைகளுக்கும், வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக்கும் சென்று கடை வைத்த நம் வணிகருக்கு நாள்வழி, பேரேடு என்னும் இரண்டு கணக்கேடுகள் பழக்கமானவை. சரக்கு வந்ததும் பணம் போனதும் நடந்த வரிசையிலேயே நாள்வழியில் ஏறும். அவரவர் பெயருக்குரிய பக்கத்தைத் தேடிப் பேரேட்டில் பதிவது, கடை ஓய்ந்த பிறகு. வாசலில் கூட்டம் நிற்கும்போது பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளி பொறுத்துக்கொள்வார்?

இன்று வங்கிக் கணக்குகளைத் தாங்கி நிற்கும் கணிப்பொறிகளும் இம்முறையையே கைக்கொண்டுள்ளன. அது நேர்ந்த வரலாற்றை நாம் காண்போம்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் பொறியை வெளியிட்டது. இரண்டடி அகலமுள்ள 50 காந்தத் தட்டுகள் ஒரே தண்டில் சுழன்றன; 50 இலட்சம் எழுத்துகள் அவற்றில் அடங்கின. வேண்டிய இடத்துக்குப் படிக்கும் கை போய்ச் சேர, சராசரியாக அரை விநாடிக்கு மேல் ஆயிற்று. பின்வந்த தட்டுகள் சிறுத்தன, விரைந்தன. கை நகர வேண்டிய தேவை மட்டும் ஒழியவில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டிலும், அங்குமிங்கும் தாவிப் படித்தால் விநாடிக்கு ஏறத்தாழ நூறு இடங்களே எட்டும். பக்கத்துக்கு 8 கிலோபைட் எனக் கொண்டால், கிடைப்பது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. அதே தட்டை வரிசையாகப் படித்தாலோ நூறு மெகாபைட்டுக்கு மேல் வரும். கருவி ஒன்றே, ஒழுங்கு மாறியதால் நூறு மடங்கு வேறுபாடு!

ஆகவே, மாற்றத்தை முதலில் நாள்வழியின் இறுதியில் எழுதிவிட்டு, பேரேட்டுப் பக்கத்தைப் பின்னர்த் திருத்தும் வழக்கம் தரவுத்தள மென்பொருள்களில் தோன்றியது. அதனைச் செம்மையுற வகுத்தவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற சி. மோகன். ஐ.பி.எம்.மில் உடனிருந்த நால்வருடன் சேர்ந்து 1992இல் அவர் வெளியிட்ட முறைக்கு ஏரீஸ் என்று பெயர்.

மூணாற்றில் உழைக்கும் ஒருவர், அதே வங்கியின் போடிக் கிளையில் கணக்குள்ள தம் தாய்க்குப் பணம் அனுப்புகிறார் எனக் கொள்வோம். மகன் கணக்கில் கழித்தாயிற்று. தாய் கணக்கில் கூட்டுமுன் மின்சாரம் அற்றுப்போயிற்று. பொறி மீண்டெழுந்ததும், ஏரீஸ் முறை நாள்வழியைப் படித்து, நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே மறுபடி நடத்தும். முற்றுப்பெறாத காரியங்களைப் பின்னோக்கிச் சென்று நீக்கும். பணம் மகனிடமாவது இருக்கும், தாயிடமாவது இருக்கும், இடையில் மறையாது.

பலருடைய பதிவுகளைத் திரட்டி ஒரே வீச்சில் எழுதுவதும் வேகத்துக்குரிய வழியே. பதிவு தட்டில் ஏறுமுன்னரே ‘ஆயிற்று’ என்று விடையளிக்கும் அமைப்புகளும் உள. மின்சாரம் போனால் கடைசிப் பதிவுகள் சிலவும் உடன் போகும். பிறர் பணத்தைக் காக்கும் கணக்குக்கு இது தகாது என்பதே நம் கருத்து.

1996இல் பேட்ரிக் ஓ’நீல் முதலிய நால்வர் மேலும் துணிந்தனர். மாற்றங்களை நினைவகத்திலேயே வரிசைப்படுத்தி, தொடர்ச்சியாக எழுதி, பிறகு ஏடுகளை ஒன்றோடொன்று கலந்துகொள்ளும் முறை அவர்களுடையது. எழுதுவது இதில் விரைவு. ஒரு பெயரைத் தேடும்போது மட்டும் பல ஏடுகளைப் பார்க்க நேரிடும்.

சுழலும் தட்டும் நகரும் கையும் அற்ற மின்னணுச் சேமிப்பகங்கள் இன்று பரவியுள்ளன. அவற்றிலும் எழுதிய இடத்தின்மேல் நேரே எழுத இயலாது. ஒரு பெருந்தொகுதியை முழுவதும் அழித்த பின்னரே மறுபடி எழுதலாம். ஆதலின் அங்கும் நாள்வழி போல் வரிசையாய் எழுதும் மென்பொருளுக்கே வேலை எளிதாகிறது.