தொற்று குறித்து இப்னுல் கதீப்

ஹிஜ்ரி 749இல், அதாவது 1348ஆம் ஆண்டில், அந்தலூசியாவின் அல்மேரியா துறைமுகத்தைப் பிளேக் பற்றிக்கொண்டது. தொற்று என்பதில்லை எனக் கூறும் நபிமொழியை முன்வைத்து, நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதை அறிஞர் பலர் மறுத்துவந்த காலம் அது. கிரனடாவின் அமைச்சரும் மருத்துவருமான லிஸானுத்தீன் இப்னுல் கதீப், பிளேக் பற்றித் தாம் இயற்றிய நூலில் இதற்கு மாறாக எழுதினார்.

அவர் காட்டிய சான்றுகள் எளியவை. நோயாளியுடன் பழகியவர் மாண்டார்; விலகியிருந்தவர் பிழைத்தார். உடுத்திய ஆடை, புழங்கிய பாத்திரம், ஏன், காதணிகூட நோயைக் கொண்டுசென்றது. நோயற்ற துறைமுகத்தில் நோயுற்ற நாட்டவர் ஒருவர் வந்திறங்கிய பின்னரே அங்கு நோய் தோன்றியது. புலனறிவோடு முரண்படுவதாகத் தோன்றும் அறிவிப்புக்குத் தக்க விளக்கம் காண்பதே முறை என்றார். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் அங்கிருந்து வெளியேறவும் தடுப்பதும் நபிமொழியன்றோ!

யெர்சின் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டது 1894இல். ஆடை எவ்வாறு நோயைச் சுமக்கும் என்பதோ, 1898இல் சிமோன் கராச்சியில் தெள்ளுப்பூச்சியைச் சுட்டிய பின்னரே விளங்கிற்று.

தொற்றுக் கொள்கைக்காகவே இப்னுல் கதீப் கொல்லப்பட்டார் எனச் சிலர் எழுதுவது பொருந்தாது. 1374இல் ஃபெஸ் நகரச் சிறையில் அவர் கழுத்து நெரிக்கப்பட்டதற்குப் பின்னணி அரசியல் பகை; சாட்டப்பட்ட மதவிரோதக் குற்றமோ, இறைக்காதலைப் பற்றிய அவருடைய வேறொரு நூலைச் சார்ந்தது.