கையெழுத்துக்கு முன்னால் ஒரு கதை: சிலிகான் மார்பகத்தின் அறுபது ஆண்டுகள்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சற்றே செம்மைப்படுத்திய வடிவம்.)

இன்னைக்கு ஒரு படிவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் 2021 அக்டோபரில் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் உத்தரவு போட்டது. மார்பகத்தைப் பெரிதாக்க இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளப் போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் மருத்துவர் ஒரு படிவத்தைத் தர வேண்டும். அதிலுள்ள ஆபத்துகளை அவர் படித்து, பகுதி பகுதியாகக் கையொப்பமிட வேண்டும்.

அந்தப் படிவத்தைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. இதில் இருக்கிற பல வரிகள் சோதனைக்கூடத்தில் எழுதினதில்லை. பெண்களோட உடம்பில் எழுதினது.

1962. டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டன். டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண், மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்காக ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போகிறார். ஆறு குழந்தைகளின் தாய், விவாகரத்தானவர், தொழிற்சாலை வேலை. தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்கள் அப்போது ஒரு புதுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலிகான் ரப்பர் பையில் சிலிகான் ஜெல். ரத்தம் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கையில் அழுத்திப் பார்த்தபோது ஜெரோவுக்கு வந்த யோசனை என்று சொல்வார்கள்.

லிண்ட்சேயிடம் கேட்டார்கள். அவர் மார்பைப் பற்றிக் கவலைப்பட்டவரே இல்லை. துருத்திக்கொண்டிருந்த காதுகள்தான் அவருக்குக் குறை. காதையும் சரிசெய்து தருகிறோம் என்றார்கள், சம்மதித்தார். கவனிச்சீங்களா, பேரம் எப்படி நடந்திருக்குன்னு?

அவருக்கு முன்னால் அதைச் சுமந்து பார்த்தது எஸ்மரால்டா என்ற நாய். சில வாரங்களில் அது தையலைக் கடிக்க ஆரம்பித்ததால் வெளியே எடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து உடம்புக்குள் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தச் சில வாரங்கள் எப்படிப் பதில் சொல்லும்?

மயக்கம் தெளிந்தபோது நெஞ்சின் மேல் பெரும் பாரம் உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது என்று லிண்ட்சே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில நாளில் வலி தணிந்தது. இன்றைக்கும் முதல் நாட்கள் அப்படித்தான்: இறுக்கம், வீக்கம், கையைத் தூக்கினால் வலி. சில வாரங்களுக்குக் கனமான பொருள் தூக்கக் கூடாது, பிள்ளையைக்கூட. காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்கு அது திரும்பாமலும் போகலாம். பின்னாளில் தாய்ப்பால் கொடுப்பதில் சிரமம் வரலாம்.

ஆனா வருஷக்கணக்கில் நடக்கிறதுதான் இந்தக் கதையோட மையம். உடம்பு எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்ளும். சிலருக்கு அந்த உறை இறுகி மார்பு கல் மாதிரி ஆகிவிடும். பை கிழியலாம். சிலிகான் ஜெல் பை கிழிந்தால் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல் போகலாம்.

இதையெல்லாம் யார் சோதித்தார்கள்? இந்த இம்ப்ளான்ட்டுகள் சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளை விற்பனைக்கு முன் பரிசோதிக்கும் சட்டமே கிடையாது. 1976-ல்தான் வந்தது. ஏற்கெனவே விற்பனையில் இருந்தவை அப்படியே தொடர்ந்தன. உடல்நலம் கெட்ட பெண்கள் தொலைக்காட்சியிலும் நாடாளுமன்றக் குழு முன்பும் பேசிய பிறகு, 1992-ல் எஃப்.டி.ஏ. தலைவர் டேவிட் கெஸ்லர் அழகுக்காக சிலிகான் ஜெல் வைப்பதை நிறுத்தினார். புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கு ஆய்வு நிபந்தனைகளோடு அனுமதி இருந்தது. பெரிய உற்பத்தியாளரான டவ் கார்னிங், வழக்குகளின் பாரத்தில் 1995-ல் திவால் பாதுகாப்பு கோரியது.

இங்கே ஒரு விஷயம் நேர்மையாச் சொல்லணும். 1999-ல் வந்த அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, சிலிகான்தான் மூட்டுவாத நோய்களை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அதே அறிக்கை, இறுக்கம், கிழிசல், மறு அறுவை சிகிச்சை ஆகியவைதான் உண்மையான பிரச்சினை என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் சொன்னாலும் தப்பு, இரண்டாம் பாதியை மட்டும் சொன்னாலும் தப்பு.

2006-ல் தடை நீங்கியது. 2011-ல் எஃப்.டி.ஏ. இன்னொரு எச்சரிக்கை விட்டது: இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள உறையில் அரிதாக ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளவற்றில்தான் அதிகம் கண்டார்கள். 2019-ல் அலெர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையைத் திரும்பப் பெற்றது. ஆண்டுகள் கழிந்து ஒரு பக்க மார்பு திடீரென வீங்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

லிண்ட்சே ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அதே இம்ப்ளான்ட்டுகளோடு இருந்தார். ஆனா அதை ஆதாரமா எடுத்துக்க முடியாது. படிவமே சொல்லுது, இவை ஆயுள் முழுக்க வரும் பொருட்கள் அல்ல என்று.

இது அமெரிக்கக் கதைதானேன்னு நினைக்காதீங்க. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அளவைச் சீரமைக்கும் சிகிச்சை இலவசம் என்ற அறிவிப்பு உலகச் செய்தியானது. போக வேண்டாம்னு நான் சொல்லலை. போனா கேளுங்க: மேற்பரப்பு எந்த வகை? இம்ப்ளான்ட்டின் விவரம் எழுதிய அட்டையைத் தருவீங்களா? சிலிகான்னா ஐந்தாறு வருஷத்தில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, அதை எங்கே எடுக்கணும்? எடுக்க நேர்ந்தால் செலவு யாருடையது? பின்னாளில் மேமோகிராம் எடுக்கும்போது இம்ப்ளான்ட் இருக்குன்னு முதலிலேயே சொல்லிடுங்க. கூடுதல் கோணங்களில் படம் எடுப்பாங்க.

லிண்ட்சேக்கு இந்தக் கேள்விகளை எழுதித் தர ஆளில்லை. நமக்கு எழுதித் தந்திருக்காங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.