மகிழ்ச்சியின் பூர்வீகம்

காஞ்சிபுரத்துக்குப் போய்க் கூறைப்பட்டு எடுத்துவிட்டால், அடுத்த வேலை பத்திரிகை அச்சடிப்பதுதான். அதில் எங்கேயாவது 'மகிழ்ச்சி' என்ற சொல் இருக்கும். அந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொன்னால் சம்பந்திகள் முகம் சுளிப்பார்களோ என்னவோ! அது கள்ளுப் பானையின் பக்கமிருந்து வந்த சொல்.

இலக்கணம் எளிது. 'மகிழ்' பகுதி, 'சி' விகுதி, நடுவில் ஒரு 'ச்' சந்தி. வளர்ச்சி, புகழ்ச்சி எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. சங்கப் புலவர்களுக்கோ அந்த விகுதிகூட வேண்டியிருக்கவில்லை. 'மகிழ்' என்றாலே பெயர்தான். குடித்து வரும் மயக்கத்துக்கும், சில இடங்களில் அந்தக் கள்ளுக்குமே அது பெயர்.

புறநானூற்றின் 123-ஆம் பாட்டைப் பாருங்கள். காலையிலேயே குடித்துவிட்டு உட்கார்ந்தால் யார் வேண்டுமானாலும் தேரைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கபிலர். மலையமான் திருமுடிக்காரி அப்படிப்பட்டவன் அல்ல. அவன் 'மகிழாது' கொடுத்த தேர்கள் முள்ளூர் மலைமேல் விழும் மழைத்துளிகளைவிட அதிகமாம். இன்று ஒரு தர்மப்பிரபுவைப் பற்றி, "மகிழாமல் கொடுத்தார்" என்று எழுதிப் பாருங்கள். மானநஷ்ட வழக்கு வந்து சேரும்! கபிலர் வாயில் அது பெரிய பாராட்டு: தெளிந்த புத்தியோடு கொடுத்தான் என்று அர்த்தம்.

குறளிலும் அந்த வாடை போய்விடவில்லை. பொச்சாவாமை அதிகாரத்தின் முதல் குறளில் 'உவகை மகிழ்ச்சி' என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. வள்ளுவர் ஒன்றையே இரண்டு தடவை சொல்லுகிற ஆளா? உவகை சந்தோஷம், மகிழ்ச்சி, அந்தச் சந்தோஷம் தலைக்கேறுவது. அதனால் வரும் மறதி அளவு கடந்த கோபத்தைவிடப் பொல்லாதது என்கிறார்.

இந்த வேற்றுமையைக் கூர்ந்து கவனித்தவர் பரிமேலழகர். 13-ஆம் நூற்றாண்டினர் என்பார்கள்; காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாள் கோயில் அர்ச்சகர் மரபில் வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. 1281-ஆம் குறளில் ஒரு பெண் பேசுகிறாள்: நினைத்தாலே களிப்பது, கண்டாலே மகிழ்வது, இரண்டும் காதலுக்கு உண்டு, கள்ளுக்கு இல்லை. நாமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தாண்டிப் போயிருப்போம். பரிமேலழகர் நின்றுவிடுகிறார். உணர்வு அழியாமல் இருப்பது களித்தல். அழிந்து போவது மகிழ்தல் என்று பிரிக்கிறார். நினைத்துக்கொண்டிருக்கும் வரையில் அவளுக்குத் தன் நினைவு இருக்கிறது. அவன் எதிரில் வந்ததும் அதுவும் போய்விடுகிறது. வடமொழிச் சாஸ்திரங்களில் ஊறிய ஒருவருக்கு இவ்வளவு தெரிந்திருந்ததே என்று, கதை எழுதிப் பிழைக்கிற எனக்குப் பொறாமைதான்.

இன்று மகிழ்ச்சி நன்றாகத் தெளிந்துவிட்டது. மேடையிலும் பத்திரிகையிலும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் நாம் சொல்வது சந்தோஷம். வடமொழியில் அதன் அடிப்படைப் பொருள் திருப்தி. அந்தப் பெண்ணின் வாயில் அதைப் போட்டுப் பாருங்கள், பொருந்தவில்லை.