பரங்கிப்பேட்டைக்கு எத்தனை பெயர்?

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பரங்கிப்பேட்டை பஸ்ஸைப் பார்த்த வெளியூர் நண்பன், "அங்கே பரங்கிக்காய் நிறைய விளையுமாடா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால் அவன் பேச்சில் பாதி உண்மை! காய்க்கும் ஊருக்கும் பெயர் வந்தது ஒரே சொல்லிலிருந்துதான்.

பிராங்குகள் என்பது ஐரோப்பாவின் ஓர் இனம். அவர்கள் பெயரையே அரபிகள் எல்லா ஐரோப்பியருக்கும் வைத்துவிட்டார்கள். பாரசீகத்தில் 'ஃபரங்கி', தமிழுக்கு வந்தபோது 'பறங்கி'. கடல் தாண்டி அவர்கள் கொண்டுவந்த காய் பறங்கிக்காய். சென்னை பரங்கிமலையும் இதே கதைதான். (அகராதியில் பெரிய ற, ஊர்ப் பலகையில் சின்ன ர. ஏன் மாறியதோ!)

போர்த்துக்கீசியர் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருந்த இந்த ஊருக்கு 'போர்ட்டோ நோவோ' என்று பெயர் வைத்தார்கள். புதிய துறைமுகம் என்று அர்த்தம். யாருக்குப் புதிது? வந்தவர்களுக்குத்தான்! முஸ்லிம் வணிகர்கள் இதை மஹ்மூது பந்தர் என்றார்கள். பாரசீகத்தில் 'பந்தர்' என்றால் துறைமுகம். பின்னாலேயே டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் வந்து கடை விரித்தார்கள்.

இப்போது என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியின் பெரும்படையை சர் அயர் கூட் தோற்கடித்த 'போர்ட்டோ நோவோ போர்' பற்றிப் பள்ளிப் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அது எங்கோ வெளிநாட்டில் நடந்தது என்றே நினைத்திருந்தேன். மீன் வாங்க நாங்கள் போகிற ஊர் அது என்று தெரியவே தெரியாது!

இன்னொன்று தெரியுமா? 1830-களில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு ஆலை நடத்தினார். கனிமம் சேலத்திலிருந்து வந்தது. உருக்க நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். காடு காடாக வெட்டினால் எத்தனை நாளைக்குக் கரி கிடைக்கும்? இங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்கே கப்பலேறியது. ஆனாலும் லாபம் வரவில்லை, அந்த நூற்றாண்டிலேயே ஆலையை மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் தேடப்போகிறீர்களா? வெறுமனே 'போர்ட்டோ நோவோ' என்று போட்டால் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுத் தலைநகர்தான் முதலில் வரும். அதற்கும் போர்த்துக்கீசியர்தான் பெயர் வைத்தார்கள். கூடவே கடலூர் என்றும் சேர்த்துப் போடுங்கள்.